ஒற்றை ரூபாய் ஒட்டிய என்வலப்

அன்றைக்கு அந்த மண்டப வாசலில் எங்கள் பக்கம் நின்றவர்கள் ஏழு பேர். முதியோர் சங்கத்தின் தலைவி அன்ரி. ஊரில் பள்ளிக்கூட உப அதிபராக இருந்தவர், இன்னும் அந்தப் பதவியில் இருப்பவர் போலவே நடப்பார். பொருளாளர் அங்கிள், வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மலேசியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு அக்காவும் தங்கையும். இருவரும் கிறிஸ்தவர்கள், இருவருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி. திருச்சியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு அங்கிள். நின்றபடியே நித்திரை கொள்ளக்கூடியவர். ஏழாவது ஆள் நான், சங்கத்தின் வானை ஓட்டுகிறவன்.

அந்தப் பக்கம் நின்றவர்கள்: தாடையில் பச்சைக் கோடுகள் குத்தியிருந்த ஒரு மாவோரிப் பெண், அன்றைய கைவேலைக் கண்காட்சியை நடத்துகிறவர் அவர்தான்; பூப்போட்ட சாரம் கட்டிய, குக் தீவுகளைச் சேர்ந்த ஒரு பெரிய மனிதர்; அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய ஆட்கள் முப்பது நாற்பது பேர். நகரசபைக் கவுன்சிலிலிருந்து கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் வந்திருந்தார். எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நடுவில் நின்றார். இன்னும் ஒருவர் உண்டு. உள்ளே, பூமாலை போட்ட படத்தில் இருந்த ஒரு அம்மா. படத்தில் இருப்பவரும் வந்தவர்தான் என்று பிறகு எனக்குச் சொன்னார்கள். அதனால் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நான் அங்கே நின்றிருக்க வேண்டியவன் அல்ல. ஆட்களை லிட்கம் மண்டபத்தில் இறக்கிவிட்டு ஸ்ட்ராத்ஃபீல்ட் போவதுதான் என் திட்டம். அங்கே என் லோயரின் ஒஃபிஸ் சனிக்கிழமைகளில் பகல் ஒரு மணி வரைதான் திறந்திருக்கும். திங்கட்கிழமை என் விசாக் கேஸுக்கான பேப்பர்களைக் கோர்ட்டில் போட வேண்டும். மிச்சக் காசு வந்தால்தான் போடுவோம் என்று அங்கே வேலை செய்கிற பிள்ளை டெலிபோனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். மிச்சக் காசு ஆயிரத்து நானூறு டொலர். அது என் சட்டைப் பையில் இருந்தது.

பாங்கால் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடமே அகதி முகாமாக இருந்தது. வகுப்பறையில் படுத்தெழும்பினேனே தவிரப் படிக்கவில்லை. இலக்கங்கள் என்றால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சிடிக்கும். ஒருமுறை ஒரு இலக்கம் மாறி வாடகைக் காசு வேறு யாருக்கோ போய்விட்டது. அது திரும்பி வரும்வரை நான் பட்ட பாட்டை என்னோடு ஒரே அறையில் இருந்தவன் இன்றும் சொல்லிச் சிரிப்பான். அதற்குப் பிறகு பெரிய காசென்றால் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

அந்த என்வலப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்கிற பேக்கரியில் கூட இருந்த ஒருவனின் கலியாணத்துக்காக மளிகைக் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். அதில் மிஞ்சியது. மஞ்சள் நிறம், நடுவில் பிள்ளையார், மூலையில் இந்திய ஒற்றை ரூபாய் நாணயக் குற்றி ஒன்று ஒட்டியிருக்கும். அலுமாரியில் வெள்ளை என்வலப்பும் கிடந்தது. இரண்டையும் கட்டிலில் வைத்து நெடுநேரம் யோசித்தேன். கோர்ட்டுக்குப் போகிற காசு, பிள்ளையார் கூடப் போனால் நல்லதுதானே என்று மஞ்சளை எடுத்தேன். என்னுடைய வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த காரியங்களால் எனக்குப் பெரிய கெடுதல் வந்ததில்லை. யோசித்துச் செய்தவைதான் என்னைக் கட்டிப் போட்டிருக்கின்றன.

அந்த மண்டபத்தின் பின் அறையில்தான் எங்கள் சங்கம் சனிக்கிழமைகளில் கூடும். முன் மண்டபத்தில் மாவோரி மக்களும் பசிபிக் தீவு மக்களும் தங்கள் கைவேலைகளைக் கண்காட்சி வைக்கிறார்கள், ஒரே கூரையின் கீழ் இருக்கிற நீங்கள் விருந்தாளிகளாக வர வேண்டும் என்று கவுன்சில் கேட்டிருந்தது. தலைவி அன்ரிக்கு அழைப்பென்றால் போதும். காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வாசலில் தாடைக்கோட்டுப் பெண் எங்களுக்கு விதிகளைச் சொன்னார். உள்ளேயிருந்து அழைக்கும் குரல் வரும்வரை யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. அழைத்த பிறகு நிற்கவும் கூடாது, கதைக்கவும் கூடாது, திரும்பிப் போகவும் கூடாது. பெண்கள் முன்னால் நடப்பார்கள். உள்ளே போனதும் ஆண்கள் முன்வரிசையில் இருப்பார்கள். எல்லாம் முடிந்து சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாதாரண மனிதர்கள். அதுவரை எங்களுக்குப் போக்குவரத்து இல்லை. அவர் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். நான் வானுக்குள் இருந்து ரிவேர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி கையைக் காட்டி மறித்தார்.

“தம்பி, வானை உதிலை நிப்பாட்டிப்போட்டு இறங்கும்.”

“அன்ரி, எனக்கு ஸ்ட்ராத்ஃபீல்டிலை ஒரு அலுவல் இருக்கு. ஒரு மணிக்கு முன்னம்...”

“பத்து நிமிசத்திலை முடிஞ்சிடும். முன்வரிசையிலை ஆம்பிளையள் இருக்கவேணுமாம். எங்களிட்டை இருக்கிறது ஒண்டரை ஆம்பிளை.”

பொருளாளர் அங்கிள் முகத்தைத் தூக்கினார். “அந்த அரை ஆர்?”

“அதை நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ.”

நடைவண்டி அங்கிள் கண்ணைத் திறக்காமலே, “நான் முழு” என்றார்.

நான் இறங்கினேன். இறங்காமல் என்ன செய்வது? நான் ஒழுக்கமான மனிதன், நாட்டுக்குப் பிரயோசனமானவன் என்று என் கேஸுக்குக் கடிதம் எழுதித் தந்தவர் அந்த அன்ரி. நேரம் பதினொன்றரை. பத்து நிமிடம் அரை மணியானாலும் போய்ச் சேரலாம் என்று கணக்குப் பார்த்தேன். வான் பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். சட்டைப் பையைத் தொட்டேன். திரும்பவும் வானைப் பார்த்தேன்.

அழைக்கும் குரல் வந்தது. ஒரு பெண்ணின் குரல்தான், நீண்டு, நடுங்கி, நெஞ்சுக்குழியைப் பிடித்து இழுப்பது போல. எங்கள் பக்கத்திலிருந்து பதில் குரல் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாதென்று அவர்களே ஒரு பெண்ணை எங்கள் பக்கம் அனுப்பி வைத்திருந்தார்கள். அவள் பதிலுக்குக் குரலெடுக்க, நாங்கள் மெல்ல நடந்தோம். நடுவழியில் ஒருமுறை நின்று தலை குனிந்தோம். இறந்தவர்களுக்காக அப்படி நிற்பது வழக்கமாம். என் அப்பா செத்தபோது நான் இங்கே பேக்கரியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கேஸ் முடியும்வரை தருகிற பிரிட்ஜிங் விசாவில் இருப்பவன் இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அந்த நிற்கிற நேரத்தில் அதை நினைத்தேன், உடனே நேரத்தையும் நினைத்தேன். நாங்கள் உள்ளே போனதும் வாசலில் நின்ற ஒரு மலை போன்ற இளந்தாரி கதவை மெதுவாகச் சாத்தினான்.

முன்வரிசையில் மூன்று கதிரைகள். நடுவில் என்னை இருத்தினார்கள்.

சுவரெல்லாம் அவர்களுடைய கைவேலை. மரப்பட்டையை அடித்து மெல்லிசாக்கிக் கறுப்பும் மண்ணிறமுமாகக் கோலம் போட்ட நீளத்துணி. நார்க் கூடைகள். துடுப்புகள். பச்சை குத்திய கைகளின் படங்கள். நடுச் சுவரில் ஒரு பெரிய விரிப்பு தொங்கியது. வெள்ளைத் துணியில் சிவப்புத் துணியைப் பூப்பூவாக வெட்டி வைத்து, ஓரமெல்லாம் கையால் தைத்திருந்தார்கள். ஒரு கட்டிலை மூடி நிலத்திலும் விழும் அளவு. அதற்குக் கீழேதான் மாலை போட்ட அந்தப் படம். அழகான சாமான்கள். நான் அவற்றைப் பார்த்தது இப்படித்தான்: ஒரு பூ, பிறகு சுவர் மணிக்கூடு, ஒரு பூ, பிறகு மணிக்கூடு.

சாரம் கட்டின பெரியவர் பேசினார். அவர்கள் மொழியில் கொஞ்சம், இங்கிலிஷில் கொஞ்சம். படத்தைப் பார்த்துக்கொண்டே கனநேரம் பேசினார். பிறகு அவர்கள் எல்லோரும் எழும்பிப் பாடினார்கள். எங்கள் பக்கத்தில் பொருளாளர் அங்கிள் பதில் பேசினார். சங்கம் எந்த வருடம் தொடங்கியது, எத்தனை அங்கத்தவர், எத்தனை பேர் சந்தா கட்டாதவர் என்று ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்பது போல வாசித்தார். முடித்துவிட்டு இருந்தார். யாரும் அசையவில்லை.

தாடைக்கோட்டுப் பெண் குனிந்து அன்ரியிடம் மெல்லச் சொன்னார். பேச்சுக்குப் பின்னால் பாட்டு வர வேண்டுமாம். பாட்டு இல்லாத பேச்சு உடுப்பில்லாத பேச்சாம்.

எனக்குப் பின்னால் குசுகுசுப்புத் தொடங்கியது.

“தேவாரம் ஒண்டு பாடுவம்.”

“நமக்குத் தேவாரம் தெரியாதே அன்ரி. ஞானப்பாட்டு ஒண்ணு எடுப்போம் லா.”

“கவுன்சில் ஆள் நிக்குது, சமயம் வேண்டாம்,” என்றார் பொருளாளர் தலையைத் திருப்பாமல்.

“சினிமாப் பாட்டுன்னா எனக்குத் தெரியுங்க,” என்றார் திருச்சி அம்மா.

“சும்மா இருங்கோ அம்மா.”

கடைசியில் மலேசிய அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றை எடுத்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாட்டு அதுதான். சிட்டிசன்ஷிப் எடுக்கிற அன்றைக்குப் பாட வேண்டுமென்று ஒவ்வொருவரும் பாடமாக்கிய இந்த நாட்டின் தேசிய கீதம். மண்டபமே எழும்பி நின்றது. பாடாவிட்டால் பிழையாகிவிடும் என்பது போலக் கவுன்சில் பெண் அவசரமாகச் சேர்ந்து பாடினார். அவர்களும் கடலுக்கப்பாலிருந்து வந்தவர்கள்தான்; தங்கள் விருந்தாளிகள் இதையா பாடுகிறார்கள் என்று ஒரு கணம் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு நாங்கள் சொற்கள் மறந்து தடுமாறிய இடத்தில் அவர்களே பிடித்துக் கரை சேர்த்தார்கள்.

நான் பாடவில்லை. அந்தப் பாட்டு எனக்குக் கடைசி வரி வரை தெரியும். பேக்கரியில் மாவுத்தட்டுகளுக்கு நடுவில் நின்று பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் பாடுகிற உரிமை கிடைக்கிற அன்றைக்குத்தான் வாயைத் திறப்பது என்று எனக்குள் ஒரு நேர்த்திக்கடன். அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பன்னிரண்டே கால் தாண்டியிருந்தது.

பாட்டு முடிந்தது. தாடைக்கோட்டுப் பெண் மறுபடி குனிந்தார். விருந்தாளிகள் ஏதாவது கொண்டு வந்திருந்தால் இப்போது நிலத்தில் வைக்கலாம். பெரிதாக வேண்டாம், வழக்கத்துக்கு ஒரு என்வலப். கவுன்சில் பெண் இதை இமெயிலில் எழுதியிருந்தாராம். சங்கத்தின் இமெயிலைத் திறக்கிற பாஸ்வேர்டைப் பொருளாளர் மறந்து மாதக்கணக்காகிவிட்டது.

அன்ரி பொருளாளரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பள்ளிக்கூடமே எழும்பி நிற்கும். பொருளாளர் பேர்ஸைத் திறந்தார். உள்ளே கோப்பிக் கடையின் அட்டையும் மருந்துச் சீட்டும்தான் இருந்தன.

அப்போதுதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். என் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தொட்டது. மஞ்சள் மூலையும் ரூபாய்க் குற்றியும் வெளியே தெரிந்திருக்க வேண்டும். திருச்சி அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“அட, தம்பி மொய்க் கவரோடதான வந்திருக்காரு! ஒரு ரூபா ஒட்டுனதுங்க. முறை தெரிஞ்ச புள்ள.”

“அம்மா, அது வந்து...”

“எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு யாரு கேக்கப் போறா? குடுங்க தம்பி, இப்பதான் வைக்கணுமாம்.”

அவருடைய கை என் பைக்குள் போய்விட்டது. என்வலப் அன்ரியின் கைக்குப் போனது. அன்ரி அதைப் பார்த்து, என்னைப் பார்த்து, “கெட்டிக்காரன்” என்றார். எத்தனையோ நாள் அவரிடமிருந்து கேட்க ஆசைப்பட்ட சொல். அங்கிருந்து பொருளாளரிடம் போனது. அவர் எழும்பப் போனவர், என்ன நினைத்தாரோ, என்வலப்பைத் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

“நீர்தானே கொண்டந்தனீர் ஐசே. நீரே போய் வையும். அதுதான் மரியாதை.”

ஆக, என் காசு என் கைக்கே திரும்பி வந்துவிட்டது. இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்தக் காசை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. அது என் கையில் இருந்தது. பைக்குள் வைத்துக்கொண்டு, மன்னிக்க வேண்டும், இது வேறு காசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் இங்கிலிஷில் அந்த வசனத்தை நான் கட்டி முடிப்பதற்குள் பெரியவர் எழும்பி எனக்கு நேரே வந்து நின்றார். மண்டபம் முழுதும் என்னைப் பார்த்தது. படத்திலிருந்த அம்மாவும் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. நடுவில் வெறும் நிலம். நான் நடந்தேன். பிள்ளையாரை மேல் பக்கமாக வைத்து, குனிந்து, நிலத்தில் வைத்தேன். அவர்கள் முகத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்து வந்து இருந்தேன்.

பெரியவர் அதை எடுத்தார். ஒட்டியிருந்த ரூபாயைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வரிசையாக நின்று மூக்கோடு மூக்கு வைக்கிற முறை. நெற்றியும் மூக்கும் தொட, இருவரும் ஒரே மூச்சை இழுக்க வேண்டும். என் முறை வந்தபோது பெரியவர் என் பிடரியில் கையை வைத்துத் தன்னோடு அணைத்தார். மற்றக் கையில் அந்த என்வலப். அது எங்கள் இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் இருந்தது. ரூபாய்க் குற்றி என் நெஞ்செலும்பில் அழுத்தியது. அவர் கண்ணை மூடியிருந்தார். நான் மூடவில்லை. அவ்வளவு கிட்டத்தில் ஒரு மனிதரின் கண்ணீரைப் பார்த்தது அதுதான் முதல்தடவை. இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

சாப்பாட்டு மேசைக்குப் போனதும் நான் அன்ரியிடம் சொல்லிவிட்டேன்.

“அன்ரி, அது லோயருக்குக் குடுக்க வச்சிருந்த காசு.”

“எது?”

“அந்த என்வலப். ஆயிரத்து நானூறு.”

பொருளாளர் அங்கிளுக்குப் புரையேறியது. மலேசியத் தங்கை அவருடைய முதுகில் தட்டினார். திருச்சி அம்மாவின் கையிலிருந்த கோழித்துண்டு தட்டில் விழுந்தது.

“ஐயோ தம்பி, நான்தான எடுத்தேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்ல வந்தனான் அம்மா.”

“நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன். என்ன தப்பு? தெரியாம வச்சிட்டோம்னு சொல்றேன்.”

“இருங்கோ!” அன்ரி தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனால் எல்லோரும் இருந்துவிட்டோம். “நிலத்திலை வச்சதைக் கேட்டு வாங்கிறதோ? பிறகு நாங்கள் இந்த மண்டபத்திலை என்னெண்டு கால் வைக்கிறது? தமிழர் குடுத்திட்டுப் பறிச்சவை எண்டு கவுன்சில் வரைக்கும் போகும்.”

“லோயர் ஒஃபிஸ் ஒரு மணிக்குப் பூட்டிப்போடுவினம் அன்ரி. திங்கக்கிழமை பேப்பர் போடாட்டி என்ரை கேஸ் முடிஞ்சுது.”

“சங்கம் தரும். நான் சொல்லுறன்.”

“சங்கத்திலை எவ்வளவு கிடக்கெண்டு எனக்கெல்லோ தெரியும்,” என்றார் பொருளாளர், இன்னும் இருமிக்கொண்டே.

“கிடக்கிறதைத் தாங்கோ. மிச்சத்தைக் கூட்டத்திலை பேசுவம்.”

திருச்சி அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போகப்போகிறவருக்கு என்ன பயம்? அவர் பாதித் தூரம் போயிருப்பார், தாடைக்கோட்டுப் பெண் ஒரு கரண்டியால் கோப்பையில் தட்டினார். மண்டபம் அமைதியாகியது. அம்மா நடுவழியில் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பெண் பேசிய இங்கிலிஷ் எனக்கு விளங்கியது. விளங்காமல் போயிருக்கலாம். படத்திலிருப்பவர் அந்தப் பெரியவரின் மனைவி. சுவரில் தொங்குகிற விரிப்பைத் தைத்தவர். கோடையில் காலமானார். தன் சாம்பலைத் தன் தீவில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. குடும்பத்துக்குப் பயணக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கண்காட்சியில் விற்கிற கூடைக் காசும் அதற்குத்தான். இன்றைக்கு, அந்த மஞ்சள் என்வலப்போடு, அது நிறைந்துவிட்டது. பின் அறையில் தேநீர் குடிக்கிற இந்தச் சிறிய கூட்டம் இவ்வளவு செய்யுமென்று தாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

திருச்சி அம்மா திரும்பி வந்து கோழித்துண்டைக் கையில் எடுத்தார்.

அதோடு முடியவில்லை. நான்கு பெண்கள் ஏணி வைத்துச் சுவரிலிருந்து அந்த விரிப்பைக் கழற்றினார்கள். பெரியவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நிலத்தில் வைத்தவன் நான்தானே. என்னை எழுப்பி நிறுத்தி, அந்தப் பாரமான துணியை என் தோளில் போட்டு, முன்னால் இழுத்து, கழுத்துவரை போர்த்தினார்கள். என் இரண்டு கையும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. அன்ரி உடனே வந்து பக்கத்தில் ஒட்டி நிற்க, ஒரு தலைப்பு அவருடைய தோளிலும் விழுந்தது. படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அன்ரியின் முகம் தேர்த்திருவிழா. என் முகம் அந்தச் சிவப்புப் பூக்களுக்கு நடுவில், பொலிஸ் பிடித்து வைத்த கள்ளனின் முகம். சுவர் மணிக்கூடு என் தலைக்குப் பின்னால் தெரிகிறது. ஒன்று பத்து.

பெரியவர் என் வியர்வையைப் பார்த்திருக்க வேண்டும். குனிந்து, “யூ ஓகே, ப்ரோ?” என்று கேட்டார்.

அந்த நேரம் என் இங்கிலிஷ் வசனம் தயாராக இருந்தது. சாப்பாட்டு மேசையில் இருந்து சொல் சொல்லாக அடுக்கி வைத்திருந்தேன்.

“ஓகே, ஓகே. தாங்க் யூ” என்றேன்.

திரும்பி வருகிற வழியில் விரிப்பு பின் சீட்டில் ஒரு ஆளைப் போல இருந்தது. அதற்கும் பெல்ட் போட்டு விட்டிருந்தேன். நடைவண்டி அங்கிள் கண்ணை மூடியபடி, “நல்ல சாப்பாடு” என்றார்.

அன்று பின்னேரம் பொருளாளர் நானூறு டொலர் கொண்டுவந்து தந்தார். சங்கத்தின் கைக்காசு முழுதும் அதுதான். மிச்ச ஆயிரத்துக்கு நான் பேக்கரி சூப்பர்வைசரின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் வியட்நாம்காரர். நான் சொன்ன கதையை நம்பினாரா தெரியவில்லை, ஆனால் அவரும் ஒரு காலத்தில் படகில் வந்தவர். சம்பளத்தில் கழிப்பதாகச் சொல்லித் தந்தார். திங்கட்கிழமை விடிய லோயர் ஒஃபிஸ் கதவு திறக்குமுன் நான் வாசலில் நின்றேன். சனிக்கிழமை வரவில்லை என்று ஏசினாலும் அந்தப் பிள்ளை காசை வாங்கினாள்; பேப்பர் போட்டாகிவிட்டது. ரசீதைப் பார்த்தேன். அன்றைக்கும் நித்திரை வரவில்லை.

அந்த ஆயிரத்தைச் சங்கம் எனக்குத் தர வேண்டும். கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. அன்றைக்கு வராத சிலர், அவர் தானாகக் கொண்டுபோய் வைத்த காசுக்குச் சங்கம் ஏன் பொறுப்பு என்று கேட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டு. அன்ரி மேசையில் தட்டி, “நன்றிக் கடிதம் சங்கத்தின்ரை பேரிலை வந்திருக்கு. கடனும் சங்கத்தின்ரை பேரிலைதான்” என்றார். மாதம் ஐம்பது என்று முடிவானது. திருச்சி அம்மா ஊருக்குப் போகிற அன்று விமான நிலையத்திலிருந்து மகனை வற்புறுத்தி எனக்கு நூறு டொலர் அனுப்பி வைத்தார். வேண்டாமென்றுதான் சொன்னேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

விரிப்புத்தான் இப்போது எனக்குப் பெரிய யோசனை. மண்டபத்தில் சாமான் வைக்க இடமில்லை. அன்ரியின் வீட்டில் பூனை. பொருளாளரின் மருமகள் பழைய துணி வீட்டுக்குள் வரக் கூடாதென்றாள். அதனால் அது என் வாடகை அறையில், அலுமாரிக்கு மேலே, பொலித்தீன் பையில் இருக்கிறது. கடன்காரர் பொருளை அடகு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே அடகுப் பொருளையும் நானே காவல் காக்கிறேன். பூச்சி அரிக்குமோ, கூரை ஒழுகுமோ, வீட்டுக்காரன் அறையை விடச் சொன்னால் இதை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று யோசிக்காத நாளில்லை. பூச்சி வராமல் பாச்சைக்குளிசை உருண்டை வாங்கி வைத்தேன். அந்த மணம் துணியைக் கெடுக்குமோ என்று எடுத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் என்னைக் கண்டதும் அன்ரி கேட்கிற முதல் கேள்வி, “அது கவனமோ?” என் கேஸ் என்னவாயிற்று என்பது இரண்டாவது.

அந்தப் பெரியவர் தீவிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒரு சனிக்கிழமை பின் அறைக்கு வந்தார். போனில் படம் காட்டினார். வெள்ளைக் கல், பூக்கள், பின்னால் கடல். அவர் எத்தனை தரம் வேண்டுமானாலும் போய் வரலாம். நான் அந்தக் கடலைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் காசில் ஒருவர் தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் நல்லது என்று காத்திருந்தேன், வரவில்லை.

“விரிப்பை மூடிக்கொண்டு படுக்கிறாயா?” என்று கேட்டார். “சுவரில் தொங்கவிட அவள் தைக்கவில்லை. குளிருக்குத்தான் தைத்தாள்.”

“யெஸ், யெஸ், எவ்ரி நைட்,” என்றேன்.

அவர் என் தோளில் தட்டினார். போகும்போது தன் பேர்ஸைத் திறந்து காட்டினார். உள்ளே, ஃபோட்டோ வைக்கிற இடத்தில், மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் என்வலப்பின் மூலையை வெட்டி வைத்திருந்தார், ரூபாய்க் குற்றியோடு.

கோர்ட்டிலிருந்து இன்னும் திகதி வரவில்லை. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்றும் எழும்பி நிற்கிறேன். சங்கம் மாதம் ஐம்பது தவறாமல் தருகிறது. ஏழு தரம் தந்துவிட்டது. அவருடைய பேர்ஸில் இருக்கிற அந்த ஒற்றை ரூபாயைச் சேர்க்காமல் பார்த்தால், எனக்கு இன்னும் வர வேண்டியது ஐந்நூற்றைம்பது டொலர்.